பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் வேலையா? சம்பளத்தைக் கணக்கோடு கேளுங்கள்

ஒரு கொப்பியில் கதவு திறந்த நேரம், கடைசிப் பிள்ளையைக் கூட்டிப்போன நேரம் இரண்டையும் நாளாந்தம் குறியுங்கள். பெற்றோர் பிந்திவரும் அரை மணித்தியாலங்கள்தான் காசில்லாமல் போகிற வேலை.

பிறகு சம்பளச் சீட்டு. இலங்கையில் 30,000 ரூபாய் சம்பளமென்றால் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) உங்களிடம் 8% (2,400) கழிப்பார்கள். முதலாளி 12% (3,600) போடவேண்டும். ஊழியருக்கான இன்னொரு சேமிப்பான ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான (ETF) 3% (900) முழுக்க முதலாளியின் பொறுப்பு. அதை உங்கள் சம்பளத்தில் வெட்டினால் பிழை. "சம்பளமில்லை, கொடுப்பனவுதான்" என்று சீட்டே தராத இடங்களில்தான் சிக்கல். அங்கே கையெழுத்து வைக்கும் பற்றுச்சீட்டையாவது படமெடுத்து வையுங்கள். 10 பேருக்குக் குறைவாக வேலைசெய்யும் தர்ம நிறுவனமென்றால் சேமலாப நிதியில் விலக்குண்டு, முதலே விசாரியுங்கள்.

நிர்வாகத்திடம் தனியாகப் போகாமல், எல்லாரும் ஒப்பமிட்ட கடிதத்தோடு போங்கள். பிரதி உங்களிடம் இருக்கட்டும். மறுத்தால் யாழ்ப்பாணத்துத் தொழில் அலுவலகத்தில் கொப்பியோடு முறைப்பாடு கொடுக்கலாம்.