பின் பம்பர் கழன்ற கதை

அப்பாவின் மார்க் 2 அம்பாசடர் எட்டு வருடம் நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் கீற்றுக் கொட்டகைக்குள் நின்றது. பம்பருக்குக் குரோம் பூச வேண்டும். அதற்கு முதலில் கழற்ற வேண்டுமே! முன் பம்பர் அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. பின் பம்பர்தான் மூன்று நாள் உயிரை வாங்கியது.

முதல் நாள் ரிங் ஸ்பேனரில் குழாயைச் செருகி மிதித்தேன். நட்டின் முனைகள் மழுங்கியதுதான் மிச்சம். அப்புறம்தான் புத்தி வந்தது. வெளியே தெரிந்த போல்ட்டின் மரையை, அதாவது திருகு வரிகளை, கம்பி பிரஷால் நன்றாகத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை இரவும் காலையும் விட்டேன். மறுநாள் நட்டின் ஆறு பக்கத்தையும் கவ்வும் ஆறு பட்டை சாக்கெட்டைப் போட்டு, முதலில் இறுக்கும் பக்கமாகத் துளி அசைத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். துரு பிடி விட்டுவிட்டது! கால் சுற்று கழற்றுவது, கொஞ்சம் திரும்ப இறுக்குவது, எண்ணெய் விடுவது என்று போனேன். ஒரே மூச்சில் திருகினால் துருப்பொடி மரையில் சிக்கி போல்ட்டே முறிந்துவிடும்.

கடைசி போல்ட் நட்டோடு சேர்ந்து சுற்றியது. நட்டைத் தீயில் காய்ச்சலாமா என்று மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன்.

"பெட்ரோல் டேங்க் பக்கத்துலயா? நல்லா இருக்கே தம்பி!"

சரி என்று ஹேக்ஸா பிளேடால் நட்டின் ஒரு பக்கத்தை மரை வரை அறுத்து, உளியால் ஒரு தட்டு. நட்டு பிளந்து விழுந்தது. புது போல்ட்டுகளுக்கு கிரீஸ் தடவி வைத்திருக்கிறேன். குரோம் கடையிலிருந்து பம்பர்தான் இன்னும் வரவில்லை.