ஒரு நாளைக்கு மூன்றே ரயில்: ஜப்பானின் தடமி லைனில் முதல் பயணம் போடுவது எப்படி

மலைக்கு நடுவே பச்சை நிறத்தில் அசையாத ஆறு, அதன் மேல் வளைவான இரும்புப் பாலம், பாலத்தில் ஒன்றிரண்டு பெட்டிகளோடு ஒரு குட்டி ரயில். இந்தப் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். அதுதான் தடமி லைன். ஃபுகுஷிமா மாநிலத்தின் ஐஸு வகாமட்சுவில் தொடங்கி, மலைகளைத் தாண்டி, நீகாட்டா மாநிலத்தின் கொய்தேயில் முடிகிறது. 135.2 கிலோமீட்டர், முழுக்க டீசல் வண்டி, மொத்தமாகப் போனால் நாலரை மணி நேரம் வரை ஆகும். (பெயரிலேயே 'தடம்' இருப்பதால் எனக்கு முதல் நாளே மனதில் நின்றுவிட்டது.)

படத்தைப் பார்த்ததும் டிக்கெட் எடுத்துக் கிளம்பிவிடலாம் என்று தோன்றும். அப்படிக் கிளம்பினால் பாதி நாள் ஏதாவது ஒரு பிளாட்பாரத்தில்தான் கழியும். முழுப் பாதையையும் கடக்கும் ரயில் ஒரு திசைக்கு ஒரு நாளைக்கு மூன்றுதான். அதனால் இங்கே 'எங்கே போகலாம்' என்று யோசித்துவிட்டு ரயில் தேடக்கூடாது. ரயிலை முதலில் வைத்து, மிச்ச நாளை அதைச் சுற்றிக் கட்ட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ஏன் மூன்று என்று புரிந்துகொள்ளுங்கள்

ஒரே பத்திதான், தாண்டிப் போகாதீர்கள். 2011 ஜூலை கடைசியில் பெய்த பேய்மழையில் தடமி ஆறு பெருக்கெடுத்துப் பாலங்களை அடித்துக்கொண்டு போனது. ஐஸு கவகுச்சிக்கும் தடமிக்கும் இடையே 27.6 கிலோமீட்டர் பதினோரு ஆண்டுகள் ரயில் இல்லாமல், மாற்றுப் பேருந்திலேயே ஓடியது. வெள்ளத்துக்கு முந்தைய 2010ஆம் ஆண்டுக் கணக்கில் அந்தப் பகுதியில் ஒரு நாளைக்குச் சராசரி 49 பேர்தான் பயணம் செய்திருக்கிறார்கள். அந்தக் கணக்கோடு பார்த்தால் 'பேருந்தே போதும்' என்று ரயில் நிறுவனம் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஊர்க்காரர்கள் விடவில்லை. கடைசியில் சுமார் 900 கோடி யென் செலவில் சீரமைத்து 2022 அக்டோபர் 1 அன்று மீண்டும் திறந்தார்கள். அந்தப் பகுதியில் இப்போது தண்டவாளமும் பாலமும் ஃபுகுஷிமா மாநில அரசின் சொத்து, வண்டி ஓட்டுவது மட்டும் ஜே.ஆர். கிழக்கு என்ற அந்த ரயில் நிறுவனம். இப்படிப் பிழைத்து வந்த பாதையில் அரை மணிக்கு ஒரு ரயிலை எதிர்பார்க்க முடியாது, இல்லையா?

படி 2: திசையை முடிவு செய்யுங்கள்

வகாமட்சுவிலிருந்து கொய்தேக்கா, கொய்தேயிலிருந்து வகாமட்சுவுக்கா? புதியவர்களுக்கு நான் சொல்வது முதலாவது. வகாமட்சு பெரிய ஊர், தங்க இடம் உண்டு, கோட்டை உண்டு, முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடலாம். டோக்கியோவிலிருந்து டோஹோகு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் கோரியாமா வரை ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம், அங்கே பான்எட்சு மேற்கு லைனுக்கு மாறி இன்னும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

கொய்தே வரை போகும் ரயில்கள் வகாமட்சுவில் காலை ஆறு மணி தாண்டி ஒன்று, மதியம் ஒரு மணி வாக்கில் ஒன்று, மாலை ஐந்து மணி வாக்கில் ஒன்று எனக் கிளம்புகின்றன. நிமிடக் கணக்கை நான் தரமாட்டேன், மார்ச் மாதத்தில் அட்டவணை மாறுவது வழக்கம் என்பதால் போகும் மாதத்தின் அட்டவணையை நீங்களே பார்ப்பதுதான் நல்லது. மாலை ரயிலை மறந்துவிடுங்கள், கோடையில்கூட பாதி வழியிலேயே இருட்டிவிடும், ஜன்னலில் உங்கள் முகம்தான் தெரியும். ஆக உண்மையில் உங்களுக்கு இருப்பது இரண்டு ரயில்.

படி 3: அட்டவணை படிக்கப் பழகுங்கள்

ஜப்பானிய ரயில் அட்டவணையில் ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு ரயில். மேலிருந்து கீழே நிலையங்கள், நேரம் 24 மணிக் கணக்கில். ரயில் எண்ணின் கடைசியில் டி என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது டீசல் வண்டி. நேரம் இருக்க வேண்டிய இடத்தில் டிக் அடித்தது போல ஒரு குறி இருந்தால் அந்த நிலையத்தில் நிற்காது என்று பொருள்.

தடமி லைனில் கவனிக்க வேண்டியது நெடுவரிசை எங்கே முடிகிறது என்பதுதான். வகாமட்சுவிலிருந்து கிளம்பும் எல்லா ரயிலும் கொய்தே போகாது. சில ஐஸு பாங்கேயிலேயே திரும்பிவிடும், சில ஐஸு கவகுச்சியோடு நின்றுவிடும். 'அடுத்த ரயில் வருகிறதே' என்று ஏறி கவகுச்சியில் இறக்கிவிடப்பட்டால் மலைக்கு நடுவே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கவகுச்சி பிளாட்பாரம் ஆற்றை ஒட்டியே இருப்பதால் காத்திருப்பு அழகாகத்தான் இருக்கும், ஆனாலும் காத்திருப்பு காத்திருப்புதானே.

படி 4: பார்ப்பதா, போவதா?

முதல்முறை போகிறவர்கள் நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். அந்தப் புகழ்பெற்ற படம் ரயிலுக்குள் இருந்து தெரியாது! நீங்கள் பாலத்தின் மேல் இருக்கும்போது பாலத்தை எப்படிப் பார்ப்பீர்கள்? படத்தில் இருப்பது 'தடமி ஆற்று முதல் பாலம்'. அது ஐஸு ஹினோஹாரா, ஐஸு நிஷிகாதா நிலையங்களுக்கு இடையே இருக்கிறது. அதைப் பார்க்க மிஷிமா என்ற சிற்றூரில் 252ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் 'மிச்சி நோ எகி' என்ற சாலையோர ஓய்விடத்துக்குப் போய், அங்கிருந்து மலைப்பாதையில் கொஞ்சம் ஏற வேண்டும். வெவ்வேறு உயரத்தில் மேடைகள் போட்டு வைத்திருக்கிறார்கள். எந்த நேரத்தில் பாலத்தில் ரயில் வரும் என்ற விவரம் ஓய்விடத்திலேயே கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை: மேப்பில் வெறுமனே மிஷிமா என்று தேடினால் ஷிஸுஒகா மாநிலத்தில், ஷின்கான்சென் நிற்கும் வேறொரு மிஷிமாவைக் காட்டும். அது ஃபுஜி மலைப் பக்கம், இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தச் சிற்றூரின் நிலையமான ஐஸு மியாஷிதா என்று தேடுங்கள்.

பார்ப்பது, போவது இரண்டும் ஒரே நாளில் வேண்டும் என்றால் இப்படிக் கட்டலாம். வகாமட்சுவில் முந்தின இரவு தங்கி, காலை முதல் ரயிலில் ஏறி ஐஸு மியாஷிதாவில் இறங்குங்கள். அங்கிருந்து ஓய்விடத்துக்கு நடந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம், டாக்ஸி வேண்டும் என்றால் முந்தின நாளே போனில் சொல்லி வைக்க வேண்டும், நிலைய வாசலில் வண்டி காத்திருக்காது. கொய்தேயிலிருந்து விடியலில் கிளம்பிய ரயில் ஒன்பது மணியை ஒட்டி எதிர்த்திசையில் பாலத்தைக் கடக்கும். அதற்கு முன்னால் மேலே போய் நின்றுவிடுங்கள். ரயில் பாலத்தில் இருக்கும் நேரம் மிகக் குறைவு, அதனால் படம் எடுக்கிறவர்கள் கேமராவை முன்கூட்டியே சரிசெய்து வையுங்கள். என்னைக் கேட்டால், ஒரு படம் எடுத்துவிட்டு மிச்சத்தை வெறும் கண்ணால் பாருங்கள்.

அப்புறம் மதிய ரயில் மியாஷிதாவுக்கு வரும் வரை நேரம் இருக்கிறது. ஓய்விடத்தில் சாப்பிடலாம். காட்டுத் திராட்சைக் கொடியின் பட்டையில் கூடை, கைப்பை பின்னுவது மிஷிமாவின் பழைய குளிர்காலக் கைத்தொழில், அதைப் பார்க்கலாம் (விலையைப் பார்த்ததும் கையை எடுத்துவிடுவீர்கள், ஆனால் அந்தப் பை பல தலைமுறைக்கு உழைக்கும் என்கிறார்கள்). மியாஷிதா நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒன்றன் பின் ஒன்றாக மூன்று வளைவுப் பாலங்கள் தெரியும் ஒரு இடமும் உண்டு. அதன் பிறகு மதிய ரயிலில் ஏறினால் மாலையில் கொய்தே.

மலைப்பாதையில் கரடி எச்சரிக்கை இருந்தால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாகப் போகாமல், மணி கட்டிக்கொண்டு போங்கள்.

படி 5: டிக்கெட்

ஜப்பானுக்குப் போன எல்லாரும் முன்பணம் போட்டுவைக்கும் சுய்கா பயண கார்டைத் தட்டித் தட்டிப் பழகியிருப்போம். இங்கே அதை உள்ளே வைத்துவிடுங்கள். நடுவில் இருக்கும் மலை நிலையங்களில் அது செல்லாது. வகாமட்சுவில் கார்டைத் தட்டி உள்ளே போய்விட்டு மியாஷிதாவில் இறங்கினால் கணக்கை நேர் செய்ய அலைய வேண்டி வரும். காகிதச் சீட்டு வாங்குங்கள்.

இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. வகாமட்சுவிலிருந்து கொய்தே வரை ஒரே சீட்டாக வாங்கினால் தூரம் 100 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அப்படிப்பட்ட சீட்டுக்கு இரண்டு நாள் செல்லுபடி, வழியில் இறங்கி ஏறவும் அனுமதி உண்டு, வந்த வழியே திரும்பாமல் முன்னோக்கியே போனால் சரி. அதனால் மியாஷிதாவில் இறங்கும்போது சீட்டை ஓட்டுநரிடம் காட்டிவிட்டுக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டுநர் அருகே இருக்கும் கட்டணப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். ஜப்பான் ரயில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, இது ஜே.ஆர். பாதைதான். பள்ளி விடுமுறைக் காலங்களில் விற்கும் செய்ஷுன் 18 என்ற பல நாள் சீட்டும் இங்கே செல்லும். ஆனால் 2024 குளிர்காலத்திலிருந்து அது தொடர்ச்சியாக 3 நாள் அல்லது 5 நாள், ஒரே ஆளுக்கு மட்டும் என்று மாறிவிட்டது. பழைய பதிவுகளைப் படித்துவிட்டு நண்பரோடு பங்கு போடலாம் என்று நினைக்காதீர்கள்.

வழக்கமான ரயில்களில் முன்பதிவு கிடையாது. முதலில் வந்தவருக்கு இடம்.

படி 6: ஏறுவதும் இறங்குவதும்

இவை 'வன்மான்' வண்டிகள், அதாவது ஓட்டுநர் ஒருவர்தான், நடத்துநர் இல்லை. கதவு தானாகத் திறக்காது, பக்கத்தில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். ஆளில்லாத நிலையத்தில் சீட்டு இல்லாமல் ஏறினால், பின்கதவு அருகே இருக்கும் கருவியிலிருந்து எண் போட்ட ஒரு துண்டுச் சீட்டை இழுத்துக்கொள்ளுங்கள், அதன் பெயர் செய்ரிகென். இறங்கும்போது ஓட்டுநருக்கு மேலே உள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேராக உங்கள் கட்டணம் தெரியும். பணத்தையும் துண்டையும் பெட்டியில் போட்டுவிட்டு முன்கதவு வழியாக இறங்கலாம். பெரிய நோட்டை நீட்டாதீர்கள், ஆயிரம் யென் நோட்டும் சில்லறையும் வைத்திருங்கள்.

எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முதல் பாலம் தொடங்கி எட்டாம் பாலம் வரை ரயில் தடமி ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்கிறது, ஆறு வலம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கிடைத்த ஜன்னலில் உட்காருங்கள்.

வண்டியில் கழிவறை உண்டு, சாப்பாடு கிடையாது. வகாமட்சுவிலேயே ஓனிகிரி (சோற்று உருண்டை), தண்ணீர் வாங்கிவிடுங்கள். சைவக்காரர்கள் உமே என்ற புளிப்பு ஊறுகாய் வைத்த ஓனிகிரியைத் தேடுங்கள், நம் நாக்குக்கு அதுவே பாதி ஊர் ஞாபகத்தைக் கொண்டுவரும்.

தடமி நிலையத்தில் பல ரயில்கள் கொஞ்ச நேரம் நிற்கும், இறங்கி நிற்கலாம். தடமி ஊராட்சி, இந்த ரயிலைப் பார்த்து எல்லாரும் கையசைக்க வேண்டும் என்று ஒரு விதியே போட்டு வைத்திருக்கிறது. வயலில் யாராவது கையசைத்தால் நீங்களும் அசையுங்கள். தடமிக்குப் பிறகு 6,359 மீட்டர் நீள ரொகுஜூரிகொயே சுரங்கம். அதைத் தாண்டினால் நீகாட்டா.

படி 7: குளிர்காலம்

பனியில் இந்தப் பாதை இன்னும் அழகு என்பது உண்மை. மலைகளுக்கு இடையே பக்கத்தில் ஓடும் 252ஆம் நெடுஞ்சாலை பனிக்காலத்தில் மூடப்பட்டுவிடும், நஷ்டத்தில் ஓடிய மற்ற பாதைகளை மூடியது போல இதை அன்றைய தேசிய ரயில்வே மூடாமல் விட்டதற்கும் அதுதான் காரணம். ஆனால் பனி மிகுந்தால் ரயிலும் நின்றுவிடும், சில சமயம் நாட்கணக்கில். முதல் பயணத்துக்கு மே முதல் அக்டோபர் கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: பை

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வகாமட்சு நிலையத்தில் காசு போடும் லாக்கரில் பையை வைத்துவிட்டு, கைவீசிக்கொண்டு ரயிலேறினேன். மாலையில் கொய்தேயில் இறங்கி, இரண்டு நிலையம் தள்ளி இருக்கும் உராசாவுக்குப் போய் ஷின்கான்சென் பிடிக்கலாம் என்று நடக்கும்போதுதான் உறைத்தது: பை 135 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இது வட்டப் பாதை இல்லை, முடிகிற ஊர் வேறு. எனவே பையை முதுகில் போடுங்கள், அல்லது வகாமட்சு விடுதியிலிருந்தே அடுத்த ஊருக்குக் கூரியரில் அனுப்பிவிடுங்கள்.

அன்றிரவு கொய்தேயில் ஒரு சின்ன விடுதியில் தங்கினேன். உவோனுமா அரிசி விளையும் ஊர், சோறு மட்டும் அத்தனை ருசி. மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு, எனக்கும் இன்னும் நாலு பேருக்குமாகக் கிளம்பிய ரயிலில் அதே பாதையைத் தலைகீழாகக் கடந்தேன். தடமி தாண்டியதும் ஆற்றின் மேல் மூடுபனி எழுந்து ஜன்னல் உயரத்துக்கு வந்தது, தண்ணீர் எங்கே, கரை எங்கே என்றே தெரியவில்லை. முதல் பாலத்தைக் கடக்கும்போது மேலே மலையில் மேடைமேல் சிறிதாக ஆட்கள் தெரிந்தார்கள். கையசைத்தேன், அங்கிருந்து தெரிந்திருக்காது.