இரண்டாவது சுற்று சுற்றாத சாவி

பூட்டிய பிறகும் வாசற்கதவைத் தள்ளினால் லேசாக ஆடியது, சாவியும் ஒரு சுற்றோடு நின்றுவிட்டது. மழையில் மரம் ஊதிவிட்டதோ என்று கதவை இழைக்கச் சொன்னேன், பலனில்லை. அப்புறம் புதுப் பூட்டே மாட்டினேன், அதுவும் அப்படியே. நான்கு நாள் வீண்.

கதவைத் திறந்து வைத்துச் சாவியைத் திருப்பினால் இரண்டு சுற்றும் முழுதாக ஓடியது. அப்போதுதான் கோளாறு பூட்டில் இல்லை, கதவு நிலையில் (கதவைச் சுற்றியுள்ள மரச்சட்டத்தில்) என்று புரிந்தது. சாவியைத் திருப்பினால் வெளியே நீளும் பூட்டின் நாக்கில் குங்குமம் தடவிப் பூட்டிப் பார்த்தேன், நிலைத் துளையின் அடியில் சிவப்பு ஒட்டியிருந்தது: பெயின்ட் அடித்தபோது உள்ளே போன பட்டி (பெயின்ட்டுக்கு முன் பூசும் பசை) இறுகி, துளை அரை அங்குலம்கூட ஆழமில்லை. உளியால் ஒரு அங்குலத்துக்கு மேல் தோண்டினேன். துளைமேல் இருந்த தகட்டின் ஸ்குரூக்களும் அரை அங்குலம்தான், ஓங்கி உதைத்தால் பெயர்ந்துவிடும், அதனால் இரண்டரை அங்குல ஸ்குரூ போட்டேன். இப்போது இரண்டு சுற்று, ஆட்டமே இல்லை. நிம்மதி.