லினக்ஸ் மின்ட்டில் தமிழ் எழுதுவது: ஐபஸ், தமிழ்99, பழைய பாமினிக் கோப்புகள்

விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தபோது, எங்கள் வீட்டு மடிக்கணினி விண்டோஸ் 11ஐ ஏற்கும் நிலையில் இருக்கவில்லை. அதனால் விண்டோஸுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22.1இன் சினமன் பதிப்பை அதில் நிறுவினேன். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு மேம்படுத்தல்கள் கிடைக்கும். 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினியிலும் அது தாராளமாக இயங்குகிறது. நிறுவும் முறையைப் பற்றி இங்கே எழுதவில்லை. பென்ட்ரைவ் ஒன்றிலிருந்து கணினியைத் தொடங்கத் தெரிந்தவருக்கு அது சுலபமான வேலை. என்னுடைய இரண்டு இரவுகளை எடுத்துக்கொண்டது தமிழ்த் தட்டச்சு. எங்கள் ஊர்க் கண்ணகியம்மன் கோயிலின் வைகாசிச் சடங்கு அறிவித்தலை விடிவதற்குள் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்த வேளையில், ஒரு வரிகூட ஒழுங்காக எழுத முடியாமல் இருந்தேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் லினக்ஸுக்கு மாற விரும்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து திரும்பிப் போகிறார்கள் என்பதைப் பின்னர் பலரோடு பேசியபோது அறிந்தேன். ஆகவே இதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், செய்யக்கூடாத ஒன்று

கணினியில் தமிழ் வேண்டும் என்றவுடன் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்ட் என்ற பகுதியைத் திறந்து, லேஅவுட்ஸ் பட்டியலில் தமிழைத் தேடி, 'தமிழ்நெட் 99' என்று இருந்ததைச் சேர்த்தேன். தமிழ்99 என்ற விசைப்பலகை முறையின் பெயரோடு ஒத்திருந்ததால் ஐயம் எழவில்லை. பிறகு 'மட்டக்களப்பு' என்று அடித்தபோது 'மடடககளபப' என்று புள்ளியில்லாத எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. எழுத்துருவில் பிழை என்று நினைத்து ஐந்தாறு எழுத்துருக்களை மாற்றிப் பார்த்தேன். ஒரு முறை கணினியையே மீண்டும் நிறுவினேன். பிழை அங்கெல்லாம் இல்லை.

அந்தப் பட்டியலில் இருப்பது வெறும் விசைப்பலகை அமைப்பு. ஒரு விசையை அழுத்தினால் அதற்குரிய ஒரு குறியை அது தரும். அதற்கு முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று திரும்பிப் பார்க்காது. தமிழ்99 முறையோ முன் எழுத்தைப் பார்த்தே இயங்க வேண்டியது. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி வைப்பதும், மெய்யை அடுத்து உயிர் வந்தால் இரண்டையும் உயிர்மெய்யாகச் சேர்ப்பதும் அதன் விதிகள். இந்த விதிகளை அறிந்து நடப்பதற்கு உள்ளீட்டு முறை எனப்படும் தனி மென்பொருள் வேண்டும். லினக்ஸில் அதற்குப் பரவலாகப் பயன்படுவது ஐபஸ். லேஅவுட்ஸ் பட்டியலில் ஏற்கெனவே தமிழைச் சேர்த்திருந்தால், மேலே போவதற்கு முன் அதை நீக்கிவிட்டு ஆங்கிலத்தை மட்டும் விடுங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் எழுத்துகள் குழம்பும்.

படி 1: பொதியை நிறுவுதல்

மெனுவில் சினாப்டிக் பெக்கேஜ் மனேஜரைத் திறந்து கடவுச்சொல்லைக் கொடுங்கள். தேடும் பெட்டியில் ஐ, பி, யூ, எஸ் ஆகிய சிறிய ஆங்கில எழுத்துகளை அடித்து, ஒரு சிறு கோடு இட்டு, அதன்பின் எம், 17, என் என்று இடைவெளியின்றி அடியுங்கள். (பன்மொழியாக்கம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் இடையில் 17 எழுத்துகள் இருப்பதால் இந்தப் பெயர் வந்தது.) ஐபஸுக்குத் தமிழ் முறைகளைத் தரும் பொதி தோன்றும். அதைத் தெரிவுசெய்து அப்ளை கொடுத்தால், அதற்குத் தேவையான மற்றவையும் சேர்ந்து இறங்கும். மின்ட்டில் சொஃப்ட்வெயர் மனேஜர் என்ற அழகான செயலியும் இருக்கிறது. ஆனால் எது இறங்குகிறது, எவ்வளவு இறங்குகிறது என்பதை ஒளிவின்றிக் காட்டுவதால் நான் சினாப்டிக்கையே விரும்புகிறேன். டேட்டாவை அளந்து பயன்படுத்தும் வீடுகளில் அது முக்கியம்.

படி 2: ஐபஸை இயக்குதல்

மெனுவில் இன்புட் மெத்தட் என்று தேடித் திறந்து, உள்ளீட்டு முறைக்கான தெரிவில் ஐபஸைக் கொடுங்கள். பிறகு லொக் அவுட் செய்து மீண்டும் உள்நுழையுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால் ஒன்றும் நடக்காது.

படி 3: தமிழைச் சேர்த்தல்

மெனுவில் ஐபஸ் பிரிபரன்ஸஸைத் திறந்து, இன்புட் மெத்தட் பிரிவில் அட் பொத்தானை அழுத்துங்கள். முதலில் தோன்றும் பட்டியல் மிகச் சிறியது. அதில் தமிழ் இல்லை என்று கலங்க வேண்டாம். கீழே செங்குத்தாக மூன்று புள்ளிகள் இருக்கும். அதை அழுத்தினால் முழுப் பட்டியலும் விரியும். அங்கே தமிழின் கீழ் தமிழ்99, ரெங்கநாதன், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட், பொனெடிக் எனப் பல முறைகள் இருக்கின்றன.

எதைத் தெரிவுசெய்வது? புதிதாகப் பழகுகிறவருக்கு என் பரிந்துரை தமிழ்99. அது 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான முறை. உயிர்கள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் இருப்பதால் விரல்கள் மாறி மாறி இயங்கும். பல ஆண்டுகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துக் கை பழகியவர்கள் ரெங்கநாதனை எடுக்கலாம். அது தட்டச்சுப் பொறி மரபில் வந்த, இலங்கையின் தரநிலையில் இடம்பெற்ற முறை என்பதால் விரல்களுக்கு அதிகம் அந்நியமாக இராது. பொனெடிக்கை நான் பரிந்துரைப்பதில்லை. தமிழ்ச் சொல் ஒன்றை எழுதுவதற்கு அதை முதலில் ஆங்கில எழுத்தில் நினைக்க வேண்டியிருப்பது குழந்தைகளின் எழுத்துப் பழக்கத்தைக் கெடுக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

விண்டோஸ் சின்னமுள்ள விசையையும் ஸ்பேஸையும் ஒன்றாக அழுத்தினால் மொழி மாறும். இப்போது சோதித்துப் பாருங்கள். ம, ட, ட, க, க, ள, ப, ப, உ என்று 9 விசைகள். ஆங்கில விசைப்பலகையில் அவை கே, ஓ, ஓ, எச், எச், வை, ஜே, ஜே, டி. ஒரு முறைகூட நீங்கள் புள்ளியைத் தொடவில்லை. ஆனாலும் 'மட்டக்களப்பு' முழுமையாக வந்திருக்கும். 'அம்பாறை'க்கு 6 விசைகள் போதும்: அ, ம, ப, ஆ, ற, ஐ. மகரத்தை அடுத்துப் பகரம் வரும்போது புள்ளி தானாக விழுவதைக் கவனியுங்கள்; ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ன்ற ஆகியவையும் இப்படியே. 'மமதை' போன்று புள்ளி வேண்டாத இடத்தில், இரண்டு மகரங்களுக்கும் நடுவில் அகர விசையை ஒரு முறை அழுத்த வேண்டும்.

லிப்ரே ஒபிஸில் எழுத்தின் அளவு மாறாவிட்டால்

என்னைத் தடுக்கிய இரண்டாவது கல் இது. லிப்ரே ஒபிஸ் என்ற அலுவலக மென்பொருள் தொகுப்பில் ஆவணம் எழுதும் செயலியான ரைட்டரில் பத்தியின் பாணியைத் திறந்து எழுத்தளவை 14 ஆக்கினேன். ஆங்கிலம் பெரிதானது, தமிழ் 12லேயே இருந்தது. லிப்ரே ஒபிஸ் தமிழை மேற்கத்தைய எழுத்துகளோடு சேர்க்காமல், கொம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்ற தனி வகையில் வைத்து, அதற்கு வேறான எழுத்துருவையும் அளவையும் மொழியையும் பேணுகிறது. டூல்ஸ் மெனுவின் ஒப்ஷன்ஸில் மொழி அமைப்புகளுக்குச் சென்று, அந்த வகையை இயக்கி, அதன் மொழியாகத் தமிழைக் கொடுங்கள். பிறகு அதே ஒப்ஷன்ஸில் ரைட்டருக்கான அடிப்படை எழுத்துருக்கள் இரண்டு பக்கங்களாக இருப்பதைக் காண்பீர்கள். இந்த வகைக்கு உரிய பக்கத்தில் எழுத்துருவையும் அளவையும் அமைத்துவிட்டால், புதிதாகத் திறக்கும் எல்லா ஆவணங்களும் அதையே பின்பற்றும். பிரதேச செயலகத்துக்கு எழுதும் கடிதங்களுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் 12 அளவில் மிகத் தெளிவாக இருக்கிறது. அறிவித்தல்களுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் நல்லது.

பழைய பாமினிக் கோப்புகள்

சங்கங்களிலும் கோயில்களிலும் இருக்கும் பழைய கோப்புகளில் பெரும்பகுதி பாமினியில் அடிக்கப்பட்டவை. அவற்றை லினக்ஸில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தெரியும். கோப்பு கெட்டுவிடவில்லை. உள்ளே உண்மையில் இருப்பதே அந்த ஆங்கிலக் குறிகள்தான். பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் பூசுகிறது, அவ்வளவே. வாசிக்க மட்டும் வேண்டுமானால், உங்களிடம் உள்ள பாமினி எழுத்துருக் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து, இன்ஸ்டோல் கொடுத்து, லிப்ரே ஒபிஸை மூடித் திறந்தால் போதும்.

தொடர்ந்து பயன்படுத்த வேண்டிய கோப்பானால், தமிழுக்கெனத் தனிக் குறிகளைக் கொண்ட பொதுத் தரநிலையான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அதற்கான மாற்றிகள் இணையத்தில் உள்ளன. மாற்றிய பிறகு கெ, கே, கை, கொ, கோ போன்ற எழுத்துகளைக் கட்டாயம் ஒரு முறை சரிபாருங்கள். பாமினியில் கொம்பு முதலிலும் ககரம் பின்னாலும் சேமிக்கப்படும். யூனிகோடில் ககரம் முதலிலும் கொம்பு பின்னாலும் சேமிக்கப்படும். மாற்றி இந்த வரிசையைத் தவறவிட்ட இடங்களில், கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிகளாலான ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டத்தைக் கண்டால் அழித்துவிட்டு மீண்டும் அடிப்பதே விரைவான வழி. சடங்கு அறிவித்தலில் 'தேவி' என்ற சொல் வந்த ஒவ்வோர் இடத்திலும் நான் அதைத்தான் செய்தேன்.

நகரத்தில் அறிவித்தலை அச்சிடக் கொடுத்தபோது, பாமினியில்தான் வேண்டும் என்றார்கள். அவர்கள் பயன்படுத்தும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் யூனிகோடை அறியாது. இதற்காகத் திரும்பவும் பாமினியில் அடிக்க வேண்டாம். லிப்ரே ஒபிஸின் ஃபைல் மெனுவிலிருந்து பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்து கொடுங்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்திருப்பதால் எந்தக் கணினியிலும் நீங்கள் பார்த்தபடியே தெரியும்.

பிற்சேர்க்கை

வாழைச்சேனையிலிருந்து ஒருவர், எல்லாப் படிகளையும் செய்தும் தமிழ் வரவில்லை என்று எழுதியிருந்தார். விசாரித்தபோது, படி 2இல் அவர் லொக் அவுட் செய்யாமல் மடிக்கணினியின் மூடியை மூடித் திறந்திருந்தார். மூடியை மூடுவது கணினியை உறங்க வைக்கும். திரையைப் பூட்டுவதும் அமர்வை முடிக்காது. மெனுவில் லொக் அவுட் என்பதையே அழுத்த வேண்டும்.

மற்றது, மொழி மாற்றும் விசையைக் கொன்ட்ரோலும் ஸ்பேஸும் என்று மாற்றிக்கொள்ளலாம் என முன்பு இங்கே எழுதியிருந்தேன். மாதர் சங்கம் ஒன்றின் கணக்குகளை லிப்ரே ஒபிஸின் விரிதாள் செயலியான கல்க்கில் எழுதும் அக்கரைப்பற்று வாசகி ஒருவர், அப்படி மாற்றியதால் தமக்கு ஏற்பட்ட இடைஞ்சலைச் சுட்டிக்காட்டினார். கல்க்கில் அதே விசைகள் முழு நிரலையும் தெரிவுசெய்வதற்கு உரியவை. ஐபஸ் அவற்றை எடுத்துக்கொண்டால் அந்த வசதி போய்விடும். அந்தப் பரிந்துரையை நீக்கிவிட்டேன். ஏற்கெனவே மாற்றியவர்கள், ஐபஸ் பிரிபரன்ஸஸின் ஜெனரல் பிரிவில் விசைச் சேர்க்கைக்குப் பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்திப் பழையபடி மாற்றிக்கொள்ளுங்கள்.