பள்ளி ஆண்டு விழாவில் வில்லுப்பாட்டு: கடைசி வரிசைக்கும் கேட்க

ஆண்டு விழாவில் நடனத்துக்குப் பாட்டு பென்டிரைவிலிருந்து வருகிறது. அதனால் அது பெரும்பாலும் தப்பித்துவிடும். வில்லுப்பாட்டும் நாடகமும் பிள்ளைகளின் வாய்ச்சொல்லை நம்பி நிற்பவை. சொல் காதில் விழாவிட்டால் ஐந்தாவது நிமிடத்திலேயே பெற்றோர் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிடுவார்கள். இதற்குப் பயந்து வசனத்தை முன்கூட்டியே பதிவுசெய்து பிள்ளைகளை வாயசைக்க விடுவதும் நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வில்லுப்பாட்டு பிறந்து வளர்ந்த இந்தக் குமரி மாவட்ட மண்ணில் பிள்ளைகள் ஊமையாக உட்கார வேண்டியதில்லை. ஆறு வாரம் முறையாக உழைத்தால் கடைசி நாற்காலிக்கும் கேட்கும்படி பாட வைத்துவிடலாம்.

குழுவும் கருவிகளும்

எட்டுப் பேர் போதும். கதை சொல்லி வீசுகோலால் நாணில் அடிக்கும் முன்பாட்டுக்காரர் ஒருவர், பின்பாட்டுக்கு மூவர், உடுக்கை, குடம், தாளம், கட்டைக்கு ஆளுக்கு ஒருவர். பத்துக்கு மேல் போனால் "ஆமா" போடுவதுகூட ஒன்றாக வராது. முன்பாட்டுக்கு நல்ல குரலைவிடத் தெளிவான நாக்கு முக்கியம். மூச்சு விடாமல் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். கடைசி வாக்கியத்திலும் சொல் சிதையாத பிள்ளையை எடுங்கள்.

பெரியவர்கள் வைத்துப் பாடும் பனை வைரத்து வில் மாணவர்களுக்குக் கனமாக இருக்கும். ஏழடி வில் போதும். குடத்தை வைக்கோல் பிரிமணையில் உட்காரவைத்து, வில்லின் நடுப்பகுதியைக் குடத்தின் கழுத்தோடு அசையாமல் கட்டுங்கள். கட்டு தளர்ந்தால் ஒவ்வொரு அடிக்கும் வில் நகரும், வில்லில் தொங்கும் மணிகள் தாளத்துக்குப் பிந்தி ஒலிக்கும். மண்குடம் இரண்டு வாங்கி வையுங்கள். விரல் முட்டியால் தட்டினால் நல்ல குடம் கணீரென்று ஒலிக்கும், கீறல் விட்டது சொத்தென்று சொல்லும். தோவாளைப் பூச்சரத்தை வில்லில் சுற்றினால் மேடைக்கு அழகு. ஆனால் மரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாணிலோ மணியிலோ பூ பட்டால் ஒலி அமுங்கிவிடும்.

உடுக்கையின் தோல் ஈரத்தில் தொய்ந்துவிடும். நிகழ்ச்சி நாளன்று காலை வெயிலில் கால் மணி நேரம் வைத்து, துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வையுங்கள். பள்ளியில் நெருப்புக் காட்டும் வேலை வேண்டாம்.

சுருதி

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடைகிற வயது. டிசம்பரில் எட்டிய மேல் ஸ்தாயி ஜனவரியில் எட்டாது. ஆகவே சுருதியை முதல் வாரத்திலேயே முடிவுகட்டிவிடாமல், நான்காவது வாரத்தில் ஒருமுறை மறுபடி சோதியுங்கள். மாணவிகளுக்குப் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டை (சுருதி அளவு) பொருந்தும். குரல் உடைந்த பையன்களுக்கு ஒன்று அல்லது இரண்டு கட்டை. கலந்த குழுவில் இரண்டுக்கும் நடுவில் ஒரு சுருதியைப் பிடித்தால் இரு தரப்பும் திணறும். முன்பாட்டு பாடுபவருக்குச் சுருதி வைத்துவிட்டு, மற்றவர்களைக் கீழ் ஸ்தாயியில் பாடச் சொல்லுங்கள். அதுவும் முடியாதவர் பாட வேண்டாம், பேச்சு வசனமும் "ஆமா"வும் போதும்.

கதையைப் பதினான்கு நிமிடத்தில் அடக்குவது

மரபான அமைப்பு காப்பு (கடவுள் வணக்கம்), வருபொருள் (சொல்லப்போகும் கதை இன்னதென்று அறிவிப்பது), குருவணக்கம், அவையடக்கம், நாட்டுவளம், கதை, வாழி (வாழ்த்திப் பாடி முடிப்பது) என்று போகும். பள்ளி மேடைக்கு முதல் நான்கும் சேர்த்து இரண்டு நிமிடம், நாட்டுவளம் இரண்டு, கதை எட்டு, வாழி ஒன்று. மீதி ஒரு நிமிடம் கைதட்டலுக்கும் சிரிப்புக்கும்.

கதை தேடி வெளியூர் போக வேண்டாம். குளச்சல் போரையே எடுங்கள். 1741 ஆகஸ்டில் மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர்ப் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தோற்கடித்தது. பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி தந்தார். அவர் 1777இல் இறந்தார், கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. பிள்ளைகளை ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு போய்வந்தால் பாட்டு தானாக உயிர் பெறும். பனந்தடிகளை வண்டியில் ஏற்றிப் பீரங்கி போலக் காட்டினார்கள் என்று ஊரில் சொல்லும் கதையையும் சேர்க்கலாம். ஆனால் அதை வரலாறாகச் சொல்லாமல், "ஊருல சொல்லுவாங்க" என்று முன்பாட்டு தொடங்க, "அப்பிடியா?" என்று பின்பாட்டு கேட்கட்டும்.

உரையாடலைப் பிள்ளைகளின் பேச்சிலேயே எழுதுங்கள். மாவட்டத்தின் மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் என்றால் இப்படி இருக்கலாம்:

"கொளச்சல் கடல்ல கப்பலு வந்து நிக்கு!"
"ஆருக்க கப்பலு?"
"டச்சுக்காரனுக்க கப்பலு!"

இதே வரியைக் கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பிள்ளைகளிடம் கொடுத்தால் நாக்கு இடறும். அவர்கள் வழக்குக்கு மாற்றி எழுதிக் கொடுங்கள். வீட்டில் பேசுகிற மொழியில் இருந்தால் மனப்பாடம் பாதி நாளில் முடியும், மேடையில் மறந்தாலும் சொந்தச் சொல்லால் ஒட்டுப்போட வரும்.

வினைச்சொல்லை விழுங்கும் பழக்கம்

மேடைப் பேச்சில் நடக்கும் பிழைகளில் பெரியது இது. தமிழில் வினையும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. பிள்ளைகளுக்கு மூச்சு தீர்வதும் அதே இடத்தில்தான். "இந்த மண்ணை விட்டுத் தரமாட்டோம்" என்று தொடங்கும் குரல் "தர..." என்பதோடு இறங்கிவிடும். தருவார்களா, மாட்டார்களா என்று பின்வரிசைக்குத் தெரியாது.

மைக் இல்லாமல் மைதானத்தில் பழக்குங்கள். பேசுபவரிடமிருந்து அறுபது அடி தள்ளி ஒரு மாணவர் நோட்டுடன் நிற்கட்டும். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் எழுத வேண்டும். பத்துக்கு ஒன்பது சரியாக வரும்வரை மறுபடி மறுபடி. எட்டுச் சொல்லுக்கு மேல் நீளும் வாக்கியங்களை இரண்டாக வெட்டிவிடுங்கள். உடுக்கைக்காரருக்கும் இதில் பங்கு உண்டு. வாக்கியம் முடியப்போகிறது என்று தோன்றியதும் அவர் கை எழும், அடி சரியாக வினைச்சொல்லின் தலையில் விழுந்து அதை மூடிவிடும். கடைசி எழுத்து முடிந்து அரை நொடி கழித்தே அடிக்க வேண்டும். பேச்சு நடக்கும்போது தாளம் மட்டும் மெல்ல ஒலிக்கட்டும், குடமும் கட்டையும் ஓய்வெடுக்கட்டும். நாடகத்துக்கும் இதே பயிற்சி அப்படியே பொருந்தும்.

மேடையும் மைக்கும்

வில்லுப்பாட்டுக்காரர்கள் தரையில் உட்காருகிறவர்கள். பார்வையாளர்கள் சமதரையில் நாற்காலி போட்டிருந்தால் பின்வரிசைக்குத் தலை மட்டும்தான் தெரியும். மேடைமேல் ஒன்றரை அடி உயரத்தில் இன்னொரு மரத்தளம் போட்டு ஜமுக்காளம் விரியுங்கள். ஆனால் குடத்தின் அடி மரப்பலகை வழியாக மைக் ஸ்டாண்டுக்கு ஏறித் தொம் தொம் என்று கேட்கும். ஸ்டாண்டின் காலுக்கடியில் மடித்த சாக்கு வையுங்கள்.

மூன்று மைக் போதும். சவுண்ட் சர்வீஸ்காரர் ஆறு வைக்கிறேன் என்பார், வேண்டாம் என்று சொல்லுங்கள். திறந்திருக்கும் மைக் கூடக்கூட ஒலிபெருக்கி கூவும் எல்லை நெருங்கும். முன்பாட்டுக்கு ஒன்று, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில். பின்பாட்டு மூவரும் நெருங்கி உட்கார்ந்து ஒன்றைப் பகிரட்டும், வாயிலிருந்து ஒன்றரை அடி. இரண்டு மைக்குக்கும் இடையில் குறைந்தது நாலரை அடி இருக்க வேண்டும், அதாவது வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு. குறைந்தால் ஒரே குரல் இரண்டிலும் ஏறி ஓட்டைக் குழாயில் பேசுவதுபோல ஆகும். மூன்றாவது வில்லின் மணிப்பக்கம், ஒலி குறைத்து வைத்தது. உடுக்கைக்கும் குடத்துக்கும் மைக்கே தேவையில்லை.

ஒலிபெருக்கிப் பெட்டிகள் மைக்குகளுக்கு முன்னால், மேடை விளிம்பைத் தாண்டி நிற்க வேண்டும். பின்னால் வைத்தால் மைக் தன் ஒலியையே மறுபடி கேட்டுக் கூவும். கூவினால் பிள்ளையைப் பின்னால் நகரச் சொல்லாதீர்கள். மைக்கை வாய்க்கு நெருக்கிவிட்டு, மிக்சரில் ஒலியைக் குறையுங்கள்.

நாளும் வானிலையும்

இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர்வரை திறந்தவெளி மேடையை நம்ப முடியாது. தகரக் கூரைப் பந்தல் போட்டாலும் மழை விழும் இரைச்சலை எந்த மைக்கும் வெல்லாது. ஜனவரி கடைசி வாரம் நல்லது. அதற்குப் பிறகு செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வும் வந்துவிடும். காற்று பலமாக வீசும் ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய பள்ளிகளிலும் கடலோரப் பள்ளிகளிலும் மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம். பின்னணி பிளக்ஸ் பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும், ஆங்காங்கே அரைவட்டமாகக் கீறிவிட்டுக் கட்டுங்கள். ஜெனரேட்டர் மேடையிலிருந்து நூறு அடிக்கு அப்பால், கட்டடத்தின் மறுபக்கம் நிற்கட்டும்.

மைக்குடன் முழு ஒத்திகை இரண்டு வேண்டும். ஒன்று முந்தைய நாள், மற்றொன்று நிகழ்ச்சி நாளன்று நாற்காலி போட்ட பிறகு. கூட்டம் நிறைந்ததும் உடைகளும் உடல்களும் ஒலியை உறிஞ்சும், அதனால் ஒத்திகையில் வைத்த அளவைவிடச் சற்று ஏற்ற வேண்டியிருக்கும். அதை ஏற்றுவதற்கு ஓர் ஆசிரியர் கடைசி வரிசையில் நின்று கையசைத்துச் சொல்லட்டும். மேடைக்கருகில் நிற்பவருக்கு அது தெரியாது.

முடிந்ததும் அன்றிரவே வில்லின் நாணைத் தளர்த்தி, மணிகளைக் கழற்றித் துடைத்து, உடுக்கையின் கயிற்றை இளக்கி, குடத்தைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். விறைப்பாகவே விட்ட நாண் அடுத்த ஆண்டுக்குள் தொய்ந்துபோகும்.