லூட்டிகோலாவுக்குப் பெயர் வைக்கும் முன்

இந்தியப் பெருங்கடலின் தெற்கே உள்ள குரோசே தீவுக்கூட்டத்துப் பொசெஷன் தீவிலிருந்து வந்த மாஸ் (moss) தாவர மாதிரியில் லூட்டிகோலா என்னும் டயட்டத்தை (சிலிக்கா ஓடு கொண்ட நுண்ணிய ஒற்றைச்செல் ஆல்கா) பார்த்ததும், ‘லூட்டிகோலா மியூட்டிகா’ என்று அரை நிமிடத்தில் எழுதிவிட்டேன். ஐரோப்பியக் கையேட்டுப் படம் அப்படியே பொருந்தியது. மூன்று வாரம் கழித்து அளவெடுத்தபோதுதான், அந்த ஒரே பெயருக்குள் இரண்டு இனங்களைப் போட்டிருக்கிறேன் என்று புரிந்தது.

மியூட்டிகா, ஜெர்மன் ஆய்வாளர் குட்ஸிங் 1844-இல் விவரித்த இனம். தெற்கத்தித் தீவுகளில் கிடைத்தவற்றுக்கும் நெடுங்காலம் அந்தப் பெயரையே இட்டுவந்தார்கள். குரோசே, கெர்கலென் போன்ற தீவுகள் கண்டங்களிலிருந்து வெகு தொலைவில் கிடப்பவை. அவற்றுக்கே உரிய டயட்டம் இனங்கள் பல உண்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

மாஸைப் பிழிந்து வரும் வண்டலை 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் மெல்லச் சூடாக்குங்கள். கையுறை, கண் கவசம், புகைபோக்கிப் பெட்டி மூன்றும் கட்டாயம். கரிமப் பொருள் கரைந்து சிலிக்கா ஓடு மட்டும் மிஞ்சும். நான்கைந்து முறை கழுவி, கவர்ஸ்லிப்பில் உலர்த்தி, நாஃப்ராக்ஸ் என்னும் பிசினில் பதியுங்கள். அதன் ஒளிவிலகல் எண் 1.7-ஐத் தாண்டும், சிலிக்காவுடையது அதைவிட மிகக் குறைவு. அதனால்தான் ஓட்டின் வரிகள் (புள்ளிகளின் வரிசைகள்) எடுப்பாகத் தெரிகின்றன. வெறும் தண்ணீரில் வைத்தால் எல்லாம் மங்கிவிடும்.

இனி 100 மடங்கு எண்ணெய் லென்ஸ். ஓட்டின் நடுவில் குவியத்தை மெல்ல ஏற்றி இறக்குங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் தனியாக ஒரு புள்ளி பளிச்சென்று வந்து மறையும். அதுதான் ஸ்டிக்மா. முதல் நாள் தூசி என்றே தோன்றும். ஆனால் தூசி ஒவ்வோர் ஓட்டிலும் அதே இடத்தில் உட்காராது. ராஃபேயின் (ஓட்டின் நீளவாக்கில் ஓடும் பிளவு) நடு முனைகள் எந்தப் பக்கம் வளைகின்றன, வரிகளில் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, 10 மைக்ரானுக்குள் எத்தனை வரிகள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஓட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். செல் பிரியப் பிரிய நீளம் குறையும், அகலம் அந்த அளவுக்குக் குறையாது. ஓட்டின் முனைக்குச் சற்று முன் குறுகும் கழுத்தும் மழுங்கிக்கொண்டே போகும். குறைந்தது முப்பது ஓடுகளைப் படமெடுத்து, நீளமானதிலிருந்து குட்டையானது வரை வரிசையாக அடுக்குங்கள். என் வரிசையில் நீளமானவை சில உருண்ட முனையோடும், குட்டையானவை சில கழுத்து தெளிவாகவும் இருந்தன. ஒரே இனம் தேய்ந்து வந்திருந்தால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? பிரித்து அடுக்கினேன். அகலமும் இரண்டு கூட்டமாகப் பிரிந்தது.

பெயருக்குக் கையேட்டுப் படம் போதாது, அந்த இனத்தை முதன்முதலில் விவரித்த மாதிரியின் படங்களோடு ஒப்பிடுங்கள். புள்ளிகளின் வடிவத்தில் ஐயம் இருந்தால் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்புங்கள். ஒன்றும் பொருந்தவில்லையா, ‘லூட்டிகோலா இனம் 1’ என்று எழுதி, ஸ்லைடு எண்ணையும் ஓடு இருக்கும் இடத்தையும் பதிந்துவையுங்கள். என் நோட்டில் இன்னும் ‘இனம் 2’ அப்படித்தான் இருக்கிறது, பெயருக்கான இடம் காலியாக.