கழுத்தில் டாப்ளர் வைத்து நுண்ணிய ரத்தக்கட்டிகளைத் தேடுவது எப்படி?

டெல்டாக்காரர்களுக்குச் சொல்வது எளிது: மூளைக்குத் தமனி பாசன வாய்க்கால், சிரை வடிகால். அந்த வடிகாலில் ரத்தம் உறைந்து அடைப்பதுதான் மூளைச் சிரை ரத்த உறைவு. தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் ஸ்கேன் அறையில் வேலை பழகுகிறவர்கள், பிரசவமான சில நாட்களில் விடாத தலைவலி, வலிப்பு என்று வரும் பெண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் உறைய வாய்ப்பு கூடும்.

நோயை உறுதிசெய்வது சிரைகளைப் படமெடுக்கும் எம்ஆர் அல்லது சிடி வெனோகிராம்தான். ஒலியலையால் ரத்த ஓட்டத்தைக் கேட்கும் டாப்ளர் கருவி, ரத்தக்கட்டியிலிருந்து பிய்ந்த துகள் ஓடுகிறதா என்று கேட்க மட்டும். அதுவும் ஆராய்ச்சி அளவில்தான். தினசரிப் பரிசோதனை அல்ல.

பக்கவாதத்தில் துகள் தேட நெற்றிப்பொட்டில் ப்ரோப், அதாவது கருவியின் தொடுமுனை, வைப்போம். இங்கே அது வேண்டாம். சிரையில் பிய்ந்தது கழுத்து வழியாக வலப்பக்க இதயத்துக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் போகும். அதனால் கழுத்தின் உட்சிரையைப் பிடிக்க வேண்டும்.

முதலில் நோயாளியைத் தட்டையாகப் படுக்க வையுங்கள். உட்கார்ந்தால் அந்தச் சிரை சுருங்கிவிடும். ஜெல்லைத் தாராளமாகத் தடவி, ப்ரோப்பை மெதுவாக வையுங்கள். அழுத்தினால் சிரை மூடிக்கொள்ளும், பக்கத்தில் துடிக்கும் கரோட்டிட் தமனி மூடாது. எது எது என்று கண்டுபிடிக்க இதுவே நல்ல வழி. சிரையில் ஓட்டம் மெதுவானது, அதனால் கருவியில் வேக அளவையும், மெதுவான ஓட்டத்தின் ஒலியை நீக்கும் வடிகட்டியையும் குறைத்து வையுங்கள். ஒலியைப் பெருக்கும் கெயினையும் குறையுங்கள், பின்னணி இரைச்சல் கூடினால் துகள் அதில் மறைந்துபோகும்.

அப்புறம் ஹெட்போன் போட்டுக் காத்திருப்பது. அரை மணி நேரமாவது கேட்க வேண்டும், பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை ஆகாது. துகள் என்றால் 'கீச்' என்று சட்டென ஒரு ஒலி வரும். திரையில் ஓட்டத்தின் ஒரே திசையில் ஒரு பளிச்சென்ற கோடு. 300 மில்லிநொடிக்குள் முடிந்துவிடும், பின்னணியைவிடக் குறைந்தது 3 டெசிபல் கூடுதலாக இருக்கும். திரையின் நடுக்கோட்டின் இருபுறமும் ஒன்றாகப் பளிச்சிட்டால் அது அசைவு. விழுங்கினாலும் இருமினாலும் பேசினாலும் இப்படித்தான் வரும். அந்த நொடிகளைக் குறித்து வைத்து ஒதுக்குங்கள். கழுத்துச் சிரையில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய் இருந்தால் காற்றுக்குமிழியும் துகள் போலவே கேட்கும், கவனம்.

சரி, துகள் கேட்டது. பதிவைச் சேமித்து, எந்தப் பக்கம், எந்த நேரம் என்று எழுதி, இன்னொருவரையும் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். ஒன்றும் கேட்கவில்லை என்றால் ரத்தக்கட்டி இல்லை என்று எழுதிவிடாதீர்கள். இரண்டிலும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து பற்றி முடிவெடுப்பது நரம்பியல் மருத்துவர்.